ஒரே பெயர் உள்ள வாக்குச்சீட்டு: கம்யூனிஸ்ட் ஒரு கட்சி ஆட்சியில் நாடாளுமன்றத் தேர்தல்

1937 டிசம்பர் 12. சோவியத் யூனியனின் புதிய நாடாளுமன்றமான உச்ச சோவியத்துக்கு முதல் தேர்தல். வாக்குச்சீட்டில் ஒரு குறிப்பு அச்சாகியிருந்தது. நீங்கள் ஆதரிக்கும் ஒரு வேட்பாளரின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களின் பெயர்களை அடித்துவிடுங்கள் என்பது அதன் சாரம். ஆனால் சீட்டில் இருந்ததே ஒரு பெயர்தான். நாட்டின் எல்லாத் தொகுதிகளிலும் இதே நிலைதான்.

ஒரு பெயரை மட்டும் அச்சிட்ட சீட்டில் 'மற்றவர்களை அடியுங்கள்' என்ற குறிப்பு எப்படி வந்தது? இதைத் தெரிந்துகொண்டால் இந்த வகைத் தேர்தலில் பாதி புரிந்துவிடும்.

1936 டிசம்பர் 5 அன்று சோவியத் யூனியன் புதிய அரசியல் சட்டத்தை ஏற்றது. அதற்கு முன்பு அங்கே வாக்குரிமை எல்லாருக்கும் கிடையாது. மதகுருமார்கள், கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்கியவர்கள், ஜார் காலத்துப் போலீஸ்காரர்கள் போன்றோர் விலக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். விவசாயியின் வாக்கைவிடத் தொழிலாளியின் வாக்குக்கு எடை அதிகம். கூட்டத்தில் கையைத் தூக்கித்தான் வாக்களிக்க வேண்டும். புதிய சட்டம் இதையெல்லாம் மாற்றி, 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் சமமான, நேரடியான, ரகசியமான வாக்கு என்றது. அந்த ஆண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர் ராய் ஹோவர்டுக்குக் கொடுத்த பேட்டியில் ஸ்டாலின், தேர்தல் போட்டி மிகச் சூடாக இருக்கும், சரியாக வேலை செய்யாத அரசு அமைப்புகளின் மேல் மக்கள் வீசும் சாட்டையாக அது இருக்கும் என்றே சொன்னார். பல வேட்பாளர்கள் நிற்பார்கள் என்ற கணக்கில்தான் சீட்டும் வடிவமைக்கப்பட்டது.

ஆனால் 1937 என்பது பெரும் களையெடுப்பு நடந்த ஆண்டு. லட்சக்கணக்கானோர் கைதாகிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் கட்சித் தலைமை முடிவை மாற்றியது: தொகுதிக்கு ஒரே வேட்பாளர், அவரும் 'கம்யூனிஸ்டுகள் மற்றும் கட்சி சாராதோர் கூட்டணி'யின் வேட்பாளர். வாக்குப்பதிவு நாள் வருவதற்குள்ளேயே கைதாகி, வேறு ஆள் நிறுத்தப்பட்ட வேட்பாளர்களும் உண்டு. கடைசியில் 96.8 சதவீதம் பேர் வாக்களித்ததாகவும், அதில் 98.6 சதவீதம் ஆதரவு என்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. அடிக்கச் சொல்லும் அந்தக் குறிப்பும் அதன் பின்னால் இருந்த சட்ட விதியும் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. அந்த விதி இதுதான்: பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால்தான் வெற்றி. ஒருவர் மட்டுமே நின்றாலும், பாதிப் பேருக்கு மேல் அவர் பெயரை அடித்துவிட்டால் அவர் தோற்றார். மறுதேர்தல் நடத்த வேண்டும். நம்மூர் நோட்டாவுக்குக்கூட இவ்வளவு பலம் இல்லை. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது பெரிய வேலை செய்யப்போகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. கம்யூனிஸ்டுகள் தேர்தலில் நின்று ஆட்சிக்கு வருவது வேறு, ஒரு கட்சி ஆட்சியில் நடக்கும் தேர்தல் வேறு. 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதல்வரானது பல கட்சிகள் மோதிய தேர்தலில். அடுத்த தேர்தலில் தோற்கவும் அங்கே வழி இருந்தது. நாம் பேசுவது, ஆட்சி யாருடையது என்ற கேள்வியே வாக்குச்சீட்டுக்கு வராத நாடுகளைப் பற்றி. சோவியத் யூனியனின் 1977 அரசியல் சட்டத்தில் 6-வது பிரிவு, சமுதாயத்தை வழிநடத்தும் சக்தி கம்யூனிஸ்ட் கட்சியே என்று எழுதி வைத்தது. கட்சியின் இடம் சட்டத்திலேயே உறுதியான பிறகு, அதன் மேல் தேர்தல் வைக்க முடியாது.

ஒரு கட்சி ஆட்சி என்றால் ஒரே ஒரு கட்சிதான் இருக்கும் என்றும் அர்த்தமில்லை. கிழக்கு ஜெர்மனியில் ஆளும் சோசலிஸ்ட் ஐக்கியக் கட்சியோடு இன்னும் நான்கு கட்சிகள் இருந்தன, அதில் ஒன்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. எல்லாரும் தேசிய முன்னணி என்ற ஒரே பட்டியலில் நின்றார்கள். 500 இடங்களில் யாருக்கு எத்தனை என்பது தேர்தலுக்கு முன்பே முடிவான கணக்கு. ஆளும் கட்சிக்கு 127, மற்ற நான்குக்கும் தலா 52, மீதி தொழிற்சங்கம், இளைஞர் அமைப்பு, மகளிர் அமைப்பு போன்றவற்றுக்கு. அந்த அமைப்புகளின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆளும் கட்சிக்காரர்கள் என்பதால் பெரும்பான்மை என்றும் கைவிட்டுப் போகாது. போலந்திலும் விவசாயிகள் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று இரண்டு துணைக் கட்சிகள் இருந்தன. சீனாவில் இன்றைக்கும் எட்டு சிறு கட்சிகள் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையை ஏற்றுக்கொண்டு இயங்குகின்றன.

அப்படியானால் தேர்வு எங்கே நடந்தது? வேட்புமனு கட்டத்தில். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். சோவியத் யூனியனில் ஒருவர் தானாகப் போய் மனு கொடுக்க முடியாது. கட்சி, தொழிற்சங்கம், கூட்டுறவு அமைப்பு, இளைஞர் அமைப்பு, அல்லது ஆலையிலோ கூட்டுப்பண்ணையிலோ கூடும் தொழிலாளர் கூட்டம்தான் பெயரை முன்மொழிய வேண்டும். பெயர் எதுவென்று கட்சிக் குழு முன்பே முடிவு செய்திருக்கும். கூட்டம் அதைக் கைதட்டி ஏற்கும். 1979-ல் சில அதிருப்தியாளர்கள் 'தேர்தல்-79' என்ற குழுவை அமைத்து வரலாற்றாசிரியர் ராய் மெத்வதேவை வேட்பாளராக முன்மொழிந்து பார்த்தார்கள். தேர்தல் ஆணையம் பதிவு செய்யவில்லை. வாக்குச்சாவடி வரை போகாமலேயே அந்த முயற்சி முடிந்தது.

கட்சிக் குழு பெயர்களை எப்படிப் பொறுக்கியது என்பது சுவாரசியமானது. இத்தனை தொழிலாளர்கள், இத்தனை கூட்டுப்பண்ணை விவசாயிகள், இத்தனை பெண்கள், இத்தனை இளைஞர்கள், கட்சி உறுப்பினர் அல்லாதவர் இத்தனை பேர் என்று மேலிருந்தே ஒதுக்கீடு வரும். அந்த ஒதுக்கீட்டுக்குப் பொருந்தும் ஆளைத் தேடுவார்கள். அதனால்தான் 1,500 பேர் கொண்ட உச்ச சோவியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருந்தார்கள். பால் கறக்கும் பெண், நெசவாலைத் தொழிலாளி, டிராக்டர் ஓட்டுநர் எல்லாரும் அங்கே உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்து மேற்கத்திய நாடாளுமன்றங்களில் அரிதாகவே பார்க்கக்கூடிய காட்சி அது, அதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் அதிகாரம் அந்த அவையில் இல்லை. அது ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சில நாட்கள் மட்டுமே கூடியது. வரவுசெலவுத் திட்டம், சட்டங்கள் எல்லாம் ஒரு கை மாறாமல் ஒருமனதாக நிறைவேறின. முடிவெடுத்தது கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ. அங்கே பெண்களை விரல் விட்டு எண்ணுவதற்குக்கூட இடமில்லை. பல பத்தாண்டுகளில் முழு உறுப்பினராக இருந்த ஒரே பெண் எகத்தெரினா ஃபூர்த்செவா.

சரி, வாக்குப்பதிவு நாளுக்கு வருவோம். விடுமுறை நாளான ஞாயிறுதான் அது. சாவடியில் கொடிகள், பாட்டு. சாதாரண நாளில் கடையில் கிடைக்காத தின்பண்டங்களும் பழங்களும் அன்றைக்குச் சாவடியின் சிற்றுண்டிக் கடையில் கிடைக்கும். அதற்காகவே விடியற்காலையில் வந்தவர்கள் ஏராளம். பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயரைச் சரிபார்த்து சீட்டைக் கொடுப்பார்கள். ஆதரிப்பவர் எதையும் எழுத வேண்டியதில்லை, அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம். பெயரை அடிக்க வேண்டுமென்றால் பேனா வேண்டும், மறைப்புக்குள் போக வேண்டும். மறைப்பு அங்கே இருந்தது, சட்டப்படி யாரும் போகலாம். ஆனால் எல்லாரும் நேராகப் பெட்டிக்குப் போகும் அறையில் ஒருவர் மட்டும் மறைப்பை நோக்கி நடந்தால் அவர் என்ன செய்யப் போகிறார் என்று அத்தனை கண்களுக்கும் தெரியும். ரகசிய வாக்கு என்ற உரிமையை ரத்து செய்யாமலேயே அதைப் பயன்படுத்துவதை ஆபத்தாக்கிவிட்டார்கள். கிழக்கு ஜெர்மனியில் வாக்களிக்கப் போவதை மக்கள் 'காகிதம் மடிக்கப் போகிறோம்' என்றே பேச்சுவழக்கில் சொன்னார்கள்.

1984 உச்ச சோவியத் தேர்தலில் வாக்குப்பதிவு 99.99 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. 18 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள நாட்டில் இது எப்படி? வெறும் பொய்க் கணக்கு என்று சொல்லிவிட்டால் அந்த அமைப்பு எவ்வளவு உழைத்தது என்பது தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கட்சியின் பிரசாரகர்கள் இருந்தார்கள், தங்கள் பொறுப்பில் உள்ள சில குடும்பங்களை முன்கூட்டியே போய்ப் பார்ப்பார்கள். தேர்தலன்று மதியத்துக்குள் வராதவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தன் ஆட்கள் எல்லாரும் வாக்களித்து முடிக்கும்வரை பிரசாரகர் வீட்டுக்குப் போக முடியாது. நோயாளிகளின் படுக்கைக்கே பெட்டி போகும். தொலைதூர ரயில்களிலும் கப்பல்களிலும் சாவடி இருந்தது. குடும்பத்தில் ஒருவரே எல்லாருடைய அடையாளச் சீட்டையும் கொண்டுவந்து எல்லாருக்கும் போட்டுவிட்டுப் போவதை அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. வாக்களிக்கவே பிடிக்காதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. வெளியூர் போகிறேன் என்று சொல்லிச் சான்றிதழ் வாங்கினால் உள்ளூர்ப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். அவர் வெளியூரிலும் வாக்களிக்கவில்லை என்றாலும் சதவீதம் குறையாது. இரண்டு தரப்புக்கும் தொல்லையில்லை.

இந்த ஏற்பாட்டில் மக்கள் வெறும் பொம்மைகளாக இருந்தார்கள் என்று நினைத்தால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பிரசாரகருக்கு நம் வாக்கு கட்டாயம் தேவை என்பது தெரிந்ததும் பேரம் பேசினார்கள். கூரை ஒழுகுகிறது, சரிசெய்யாவிட்டால் இந்தக் கட்டடத்தில் யாரும் வாக்களிக்க வரமாட்டோம் என்பார்கள். பல இடங்களில் கூரை சரியானது. இன்னும் சிலர் சீட்டின் மேலேயே எழுதினார்கள்: இறைச்சி கிடைக்கவில்லை, வீடு கிடைக்கவில்லை, இன்ன அதிகாரி திருடுகிறார் என்று. கட்சி அலுவலகங்கள் இப்படி எழுதப்பட்டவற்றைத் தொகுத்து மேலே அனுப்பின. பத்திரிகைச் சுதந்திரம் இல்லாத நாட்டில் மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று ஆட்சியாளர்களுக்குக் கிடைத்த சில வழிகளில் அது ஒன்று.

முடிவு முன்பே தெரிந்த தேர்தலை ஏன் இவ்வளவு செலவு செய்து நடத்தினார்கள் என்ற கேள்விக்குப் பதிலின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. லட்சக்கணக்கான கீழ்மட்டக் கட்சிக்காரர்களுக்கு அது ஒரு பயிற்சி, ஒரு தேர்வு. யார் வேலை செய்கிறார், யார் செய்யவில்லை என்று மேலிடம் பார்த்துக்கொள்ளும். நல்ல தொழிலாளிக்குப் பிரதிநிதி பதவி ஒரு கௌரவம். வெளி உலகத்துக்கு 'மக்கள் எங்களோடு' என்று காட்டலாம். ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது வேறொன்று. அதிருப்தியில் இருக்கும் ஒருவர் மறுநாள் பத்திரிகையில் 99 சதவீதம் என்று படிக்கும்போது, தன்னைப் போல் நினைப்பவர் நாட்டில் வேறு யாரும் இல்லை என்றே தோன்றும். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே நினைத்துக்கொண்டு அதே செய்தியைப் படித்துக்கொண்டிருப்பார். எதிர்ப்பவர்களை ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல் வைத்ததுதான் இந்தத் தேர்தல்களின் பெரிய சாதனை.

இடையிடையே சின்ன விரிசல்கள் இருந்தன. 1956 அக்டோபரில் கட்சித் தலைமை மாறி, கெடுபிடி கொஞ்சம் தளர்ந்த பிறகு, போலந்தில் 1957 ஜனவரி 20 அன்று நடந்த தேர்தலில் 459 இடங்களுக்கு 722 வேட்பாளர்கள். பட்டியலில் மேலே இருப்பவர்கள் கட்சிக்கு வேண்டியவர்கள், யாரையும் அடிக்காமல் போட்டால் வாக்கு அவர்களுக்கே போகும். மக்கள் மேலே இருப்பவர்களை அடித்துவிடுவார்களோ என்று தலைமைக்குப் பயம் வந்துவிட்டது. கட்சித் தலைவர் கொமூல்கா வானொலியில் பேசினார். எங்கள் வேட்பாளர்களை அடிப்பது ஐரோப்பிய வரைபடத்திலிருந்து போலந்தையே அடிப்பதற்குச் சமம் என்றார். சில வாரங்களுக்கு முன்தான் ஹங்கேரியில் சோவியத் டாங்குகள் புகுந்திருந்தன. அவர் என்ன சொல்கிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது, பெரும்பாலோர் அடிக்காமல் போட்டார்கள். அந்த அவையில் ஒரு சிறு கத்தோலிக்கக் குழுவுக்கும் இடம் கிடைத்தது. அதைச் சேர்ந்த ஸ்தனிஸ்வாவ் ஸ்தொம்மா 1976-ல் அரசியல் சட்டத் திருத்த வாக்கெடுப்பில் நடுநிலை வகித்தார். எதிர்த்து வாக்களிக்கக்கூட இல்லை, நடுநிலைதான். அவையில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவரே. அடுத்து வந்த தேர்தலில் அவர் பெயர் பட்டியலில் இல்லை.

இனி 1989. சோவியத் தலைவர் கொர்பச்சேவ் கொண்டுவந்த மாற்றத்தின்படி மார்ச் 26 அன்று 2,250 பேர் கொண்ட மக்கள் பிரதிநிதிகள் பேரவைக்குத் தேர்தல். 750 இடங்கள் கட்சி, தொழிற்சங்கம் போன்ற அமைப்புகளுக்கு ஒதுக்கீடு. கட்சிக்கு ஒதுக்கிய 100 இடங்களுக்குச் சரியாக 100 வேட்பாளர்கள். மீதி 1,500 தொகுதிகளில் பலவற்றில் உண்மையான போட்டி இருந்தது. மாஸ்கோவில் போரிஸ் யெல்த்சின், கட்சி ஆதரித்த கார் தொழிற்சாலை இயக்குநரை எதிர்த்து 89 சதவீத அளவில் வாக்கு வாங்கினார். ஆனால் என்னைக் கேட்டால் அன்றைய பெரிய செய்தி லெனின்கிராடுதான். அங்கே மாகாணக் கட்சிச் செயலாளர் யூரி சொலவ்யோவ், பொலிட்பீரோவின் மாற்று உறுப்பினர், எதிராளியே இல்லாமல் நின்றார். தோற்றார். பாதிக்கு மேற்பட்டவர்கள் மறைப்புக்குள் போய் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். ஸ்டாலின் காலத்திலிருந்து சட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த அதே விதி. நாடு முழுவதும் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட மாகாணக் கட்சிச் செயலாளர்கள் தோற்றார்கள். வென்றவர்களில் பெரும்பான்மையினர் கட்சிக்காரர்கள்தான், ஆனால் கட்சி சொன்னால் ஜெயிப்பு நிச்சயம் என்ற நம்பிக்கை அன்றோடு போனது.

மே 7 அன்று கிழக்கு ஜெர்மனியில் உள்ளாட்சித் தேர்தல். வாக்கு எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று அங்கே சட்டம் சொன்னது. அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத உரிமை. இந்த முறை தேவாலயக் குழுக்களைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் சாவடி சாவடியாகப் போய் உட்கார்ந்து எதிர்ப்பு வாக்குகளைக் குறித்துக்கொண்டார்கள், பிறகு கூட்டிப் பார்த்தார்கள். அரசு அறிவித்தது 98.85 சதவீத ஆதரவு. ஆனால் சில வட்டாரங்களில் அவர்கள் எண்ணிய எதிர்ப்பு வாக்குகள், அதே வட்டாரங்களுக்கு அரசு அறிவித்த எண்ணிக்கையைத் தாண்டின. மோசடி கையும் களவுமாக மாட்டியது. அதன் பிறகு மாதாமாதம் 7-ம் தேதி பெர்லினில் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. இலையுதிர் காலத்தில் ஆட்சியே ஆட்டம் கண்டது.

போலந்தில் நடந்தது இன்னும் தெளிவானது. வட்டமேசைப் பேச்சுவார்த்தையில் அரசும் சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கமும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. 460 பேர் கொண்ட கீழவையில் 65 சதவீத இடங்கள் ஆளும் தரப்புக்கு, 161 இடங்களில் சுதந்திரமான போட்டி, 100 பேர் கொண்ட செனட்டுக்கு முழுச் சுதந்திரம். எப்படிப் பார்த்தாலும் ஆளும் கட்சி கையில் பெரும்பான்மை. பிரதமர் ரகோவ்ஸ்கி, உள்துறை அமைச்சர் கிஷ்சாக் உள்ளிட்ட 35 பெரிய தலைவர்களை எதிராளியே இல்லாத தேசியப் பட்டியலில் வைத்தார்கள். பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தால் போதும். ஜூன் 4 அன்று மக்கள் அந்தப் பட்டியலை அடித்துத் தள்ளினார்கள், பலர் முழுப் பக்கத்துக்கும் ஒரே பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். 35 பேரில் 33 பேர் தோற்றார்கள். இரண்டு சுற்றும் முடிந்தபோது சாலிடாரிட்டிக்குக் கீழவையின் 161 இடங்களும், செனட்டில் 99-ம். இத்தனைக்கும் முதல் சுற்றில் வாக்களித்தவர்கள் 62 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காத திருப்பம். நாற்பது ஆண்டுகளாகத் தலையாட்டிய விவசாயிகள் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் அணி மாறி சாலிடாரிட்டியோடு சேர்ந்தன. ஒதுக்கீடு செய்து வாங்கிய பெரும்பான்மை காணாமல் போனது. ஆகஸ்ட் 24 அன்று ததேயுஷ் மசோவியெத்ஸ்கி பிரதமரானார்.

இந்த மூன்று நாடுகளிலும் பயன்பட்டவை புதிய ஆயுதங்கள் அல்ல என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெயரை அடிக்கும் உரிமை, பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதி, எண்ணிக்கையைப் பார்க்கும் உரிமை, பெயருக்கு இருந்த துணைக் கட்சிகள், எல்லாமே பழைய சட்டங்களிலும் பழைய அவைகளிலும் ஏற்கெனவே இருந்தவை. பயம் குறைந்ததும் அவற்றுக்கு உயிர் வந்தது.

இன்றைக்குச் சீனா, வியட்நாம், லாவோஸ், கியூபா, வட கொரியா ஆகிய நாடுகளில் இந்த முறையின் வெவ்வேறு வடிவங்கள் தொடர்கின்றன. சீனாவில் மக்கள் நேரடியாக வாக்களிப்பது வட்டார மட்டத்துக்கு மட்டுமே, சுமார் 3,000 பேர் கொண்ட தேசிய மக்கள் காங்கிரஸை அடுத்தடுத்த மட்டங்களே தேர்ந்தெடுக்கின்றன. 2018-ல் அதிபரின் பதவிக்கால வரம்பை நீக்கும் திருத்தத்துக்கு அங்கே எதிராக விழுந்தவை 2 வாக்குகள். வியட்நாமில் இடங்களைவிட வேட்பாளர்கள் அதிகம். 2021-ல் 500 இடங்களுக்கு 866 பேர் நின்றார்கள், தனியாக மனு கொடுக்கவும் வழியுண்டு. ஆனால் எல்லா மனுக்களையும் தந்தையர் நாட்டு முன்னணி என்ற அமைப்பு மூன்று சுற்றுகளில் வடிகட்டுகிறது. சுயமாக முன்வருபவர்களில் மிகச் சிலரே கடைசிப் பட்டியலுக்கு வருகிறார்கள். அறிவிக்கப்பட்ட வாக்குப்பதிவு 99.6 சதவீதம்.

கியூபாவில் 2023 மார்ச் 26 அன்று 470 இடங்களுக்கு 470 வேட்பாளர்கள் நின்றார்கள், 470 பேரும் வென்றார்கள். இப்படி ஒரு செய்தியைப் பார்க்கும்போது யார் வென்றார்கள் என்ற வரியைத் தாண்டி, வேட்பாளரை யார் முடிவு செய்தார்கள் என்று முதலில் தேடுங்கள். அடுத்து, எத்தனை பேர் வரவில்லை, எத்தனை பேர் வெற்றுச் சீட்டுப் போட்டார்கள் என்று பாருங்கள். கியூபாவில் 2018-ல் 85 சதவீதத்துக்கு மேல் இருந்த வாக்குப்பதிவு, 2023-ல் சுமார் 76 சதவீதமாக இறங்கியிருந்தது. அந்த நாட்டு அரசே வெளியிட்ட கணக்கு இது.